மோனசைட் மண்ணும் உயிரணுவின் குறிகளும்

பேராக் மாநிலத்தின் வடபகுதியில் தைப்பிங்கை ஒட்டி அமைந்திருக்கும் கமுந்திங், 19ஆம் நூற்றாண்டில் கிளியான் பாரு என்ற பெயரோடு லாருட் வட்டாரத்தின் இரு பெரும் வெள்ளீயச் சுரங்கக் களங்களுள் ஒன்றாக விளங்கியது. லாருட்டில் தழைத்த ஈயத்தொழில் பின்னர் தெற்கே கிந்தா பள்ளத்தாக்கில் வேரூன்றி, ஈப்போவைப் பெருநகராக வளர்த்தது. ஈயத்தைக் கழுவிப் பிரித்தபின் எஞ்சுகிற கனமான மணலை மலேசியாவில் அமாங் என்பர். இல்மனைட், சிர்கோன், செனோடைம் ஆகிய கனிமங்களோடு மோனசைட் என்னும் கனிமமும் அமாங்கில் கலந்திருக்கிறது. காந்தம், மின்கருவி, ஒளித்திரை முதலியவற்றுக்கு வேண்டிய அருமண் தனிமங்கள் மோனசைட்டில் கிடைப்பதால் அதற்கு விலை உண்டு. அவற்றோடு தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமமும் இயற்கையாகவே அதில் பொதிந்திருப்பதால் அதற்கு அச்சமும் உண்டு. தோரியம் தன் அளவில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் பிடிக்கும். ஆகவே மனித வரலாற்றின் அளவுகோலில் அது தீர்ந்துபோகாத ஒரு பொருளாகும்.

இத்தகைய மண்ணுக்கு அருகில் வாழும் மனிதரின் உடலுக்குள் கதிர்வீச்சு என்ன செய்கிறது, அதனால் நேரும் சேதத்தை உயிரணு எப்படிக் கண்டறிந்து சீர்செய்கிறது என்னும் கேள்விகளுக்குக் கடந்த கால் நூற்றாண்டில் உயிரியல் மிக நுட்பமான விடைகளைக் கண்டுள்ளது. முறிந்த மரபிழையை அதைச் சுற்றியிருக்கும் புரதங்களின்மேல் ஏறும் வேதிக்குறிகளைக் கொண்டே உயிரணு அடையாளம் காண்கிறது என்பதும், எந்த வழியில் சீர்செய்வது என்பதையும் அக்குறிகளைப் படித்தே முடிவு செய்கிறது என்பதும் அவ்விடைகளின் சாரம். இந்த அறிவு பேராக் மக்களுக்கு ஏட்டளவில் நின்றுவிடக் கூடியதன்று.

புக்கிட் மேரா எழுப்பிய கேள்வி

கமுந்திங்குக்கு வடக்கே ஏரியால் பெயர்பெற்ற புக்கிட் மேரா ஒன்று உண்டு. இங்குக் குறிக்கப்படுவது ஈப்போவுக்கு அருகில் லகாட் பகுதியில் உள்ள புக்கிட் மேரா புதுக்கிராமம். ஜப்பானின் மிட்சுபிஷி குழும நிறுவனமொன்று 35 விழுக்காடு பங்கு வைத்திருந்த ஏசியன் ரேர் எர்த் தொழிற்சாலை, 1982ஆம் ஆண்டு முதல் அங்கு மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்தெடுத்து வந்தது. பிரித்தபின் எஞ்சிய தோரியக் கழிவைப் பாப்பான் ஊரருகே சேமிக்கும் திட்டத்தை 1984இல் மக்கள் எதிர்த்தனர். 1985இல் புக்கிட் மேரா குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்து, ஈப்போ உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடையும் பெற்றனர். ஆயினும் 1987இல் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில், எதிர்ப்பியக்கத்தின் தலைவர்கள் சிலரும், குடியிருப்பாளர்களின் வழக்குரைஞர்களுள் ஒருவரான மீனாட்சி ராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். அந்நடவடிக்கையில் ஈராண்டுக் காவல் ஆணை பெற்றவர்களை அடைத்து வைத்த முகாம் கமுந்திங்கில்தான் இருந்தது.

1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. எனினும் 1994 தொடக்கத்தில் நிறுவனம் ஆலையை மூடுவதாகத் தானே அறிவித்தது. மாசுபட்ட மண்ணையும் கழிவையும் அகற்றிக் கிளேடாங் மலைத்தொடரில் அடக்கம் செய்யும் பணி அதன்பின் நெடுங்காலம் நடந்தது. குழந்தைகளுக்கு நேர்ந்த பிறவிக் குறைகளுக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் கதிர்வீச்சே காரணம் என்று குடியிருப்பாளர்கள் கூற, நிறுவனம் அதை மறுத்தது. சில ஆயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் அரிதாக வரும் நோயொன்றின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு காரணத்தை ஐயமற நிறுவுவது எளிதன்று. உடலின் உயிரணுக்களே சேதத்தைக் காட்டித்தரும் ஒரு குறியை ஏந்தியிருந்தால் என்ற எண்ணம் அங்குதான் பொருள் பெறுகிறது. அத்தகைய குறி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்டது ஆலை மூடப்படுவதாக அறிவிப்பு வந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான்.

இழையும் அதன் சுருளும்

மனித உயிரணு ஒவ்வொன்றின் உட்கருவிலும் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள டிஎன்ஏ என்னும் மரபிழை, ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான விட்டமுள்ள இடத்துக்குள் அடங்கியிருக்கிறது. இந்த அடக்கத்தைச் சாத்தியமாக்குபவை ஹிஸ்டோன் எனப்படும் புரதங்கள். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்னும் நான்கு வகை ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாகச் சேர்ந்து எட்டின் தொகுதியாக அமைய, அதைச் சுற்றி மரபிழையின் 147 எழுத்திணைகள் (ஈரிழையிலும் எதிரெதிரே இணைந்து நிற்கும் வேதி எழுத்துகள்) ஏறக்குறைய ஒன்றே முக்கால் சுற்றாகச் சுருண்டு கிடக்கின்றன. இந்த அலகுக்கு நியூக்ளியோசோம் என்று பெயர். ஓர் உட்கருவுக்குள் இத்தகைய அலகுகள் கோடிக்கணக்கில் தொடர்ந்து அமைந்துள்ளன.

ஹிஸ்டோன்களின் முனைகள் வால் போல வெளியே நீண்டிருக்கின்றன. அவ்வால்களிலுள்ள அமினோ அமிலங்களின்மேல் சிறு வேதித் தொகுதிகளை ஏற்றவும் இறக்கவும் உயிரணுவில் தனித்தனி நொதிகள் உண்டு. பாஸ்பரசும் ஆக்சிஜனும் சேர்ந்த பாஸ்பேட், கரியணு ஒன்றைக் கொண்ட மெத்தில், அசெட்டிக் அமிலத்திலிருந்து வரும் அசெட்டைல், 76 அமினோ அமிலங்கள் கோத்த சிறு புரதமான யுபிக்விட்டின் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. அசெட்டைல் ஏற்றம் மரபணுக்களின் இயக்கத்தோடு தொடர்புடையது என்பதை 1964இல் வின்சென்ட் ஆல்ஃப்ரே எடுத்துக்காட்டினார்; 2000ஆம் ஆண்டில் பிரையன் ஸ்ட்ராலும் டேவிட் அல்லிஸும், இக்குறிகள் கூட்டாகச் சேர்ந்து வேறு புரதங்களால் படிக்கப்படும் ஒரு குறிமொழியாகச் செயல்படுகின்றன என்ற கருத்தை முன்வைத்தனர். பால்மரத்தின் வெட்டுப்பட்டையில் இடப்படும் சாயப்புள்ளி தானாக எதையும் செய்வதில்லை. அதைப் பார்த்து, எவ்வளவு பட்டை செலவாகியிருக்கிறது, இனி எங்கே வெட்டலாம் என்று அறிந்துகொள்பவர் இருக்கும்போதுதான் அது பயன்படுகிறது. ஹிஸ்டோன் குறியின் நிலையும் அத்தகையதே: எழுதும் நொதி, படிக்கும் புரதம், அழிக்கும் நொதி என்னும் மூன்றும் ஒருங்கே இருந்தால்தான் அது செய்தியாகிறது.

முறிவின்மேல் எழும் முதற்குறி

மரபிழை நாள்தோறும் பலவகையில் சேதமடைகிறது. நீரும் ஆக்சிஜனும் உள்ள உயிரணுவின் இயல்பான வேதிவினைகளாலேயே ஓர் உயிரணுவில் ஒரு நாளைக்குப் பல்லாயிரம் சிறு பழுதுகள் ஏற்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை இரண்டு இழைகளில் ஒன்றை மட்டுமே தாக்குவதால், எதிரிழையைப் பார்த்து எளிதில் சீர்செய்யப்படுகின்றன. இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோகும் ஈரிழை முறிவு எண்ணிக்கையில் குறைவானது, ஆனால் ஆபத்தில் மிகப் பெரியது. உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு கிரே; ஒரு கிரே அளவு எக்ஸ் கதிர் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 20 முதல் 40 ஈரிழை முறிவுகளை உண்டாக்குகிறது. தோரியமும் அதன் வழித்தோன்றல்களும் உமிழும் ஆல்ஃபா துகள், காகிதத்தைக்கூடத் துளைக்க மாட்டாதது என்றாலும், தூசியோடு மூச்சில் கலந்து நுரையீரலை அடைந்துவிட்டால், தான் கடக்கும் குறுகிய தடத்திலேயே முழு ஆற்றலையும் கொட்டிவிடுவதால், நெருங்கிய இடத்தில் பல பழுதுகளை ஒருசேர உண்டாக்கும். அத்தகைய கொத்துப்பழுதைச் சீர்செய்வது தனிப்பழுதைச் சீர்செய்வதைவிடக் கடினம்.

இழை அறுந்ததும் அறுந்த முனைகளை மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு கூட்டு முதலில் பற்றுகிறது. அது ஏடிஎம் என்னும் நொதியை அங்கே வரவழைத்துத் தூண்டுகிறது. முறிவைச் சூழ்ந்த நியூக்ளியோசோம்களில் ஆங்காங்கே எச்2ஏ ஹிஸ்டோனின் மாற்றுவடிவமான எச்2ஏஎக்ஸ் இடம்பெற்றிருக்கிறது. அதன் வால்நுனிக்கு அருகிலுள்ள 139ஆம் இடத்துச் செரின் அமிலத்தின்மேல் ஏடிஎம் ஒரு பாஸ்பேட்டை ஏற்றுகிறது. இவ்வாறு குறியேற்றப்பட்ட எச்2ஏஎக்ஸை 1998இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வில்லியம் பானரின் ஆய்வுக்குழு கண்டறிந்து காமா-எச்2ஏஎக்ஸ் என்று பெயரிட்டது. கதிர் பட்ட சில நிமிடங்களுக்குள் தோன்றும் இக்குறி, அரைமணி நேரத்தில் உச்சத்தை எட்டி, முறிவின் இருபுறமும் பத்து இலட்சக்கணக்கான எழுத்திணைகள் வரை பரவிவிடுகிறது. ஒரு முறிவைச் சூழ்ந்து ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளில் ஒரே குறி ஏறுவதால், ஒளிரும் சாயம் பூண்ட எதிர்ப்பொருளைக் கொண்டு பார்த்தால் ஒவ்வொரு முறிவும் நுண்ணோக்கியில் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். கண்ணுக்கு எட்டாத சேதம் இதனால் எண்ணக்கூடியதாக மாறியது.

காமா-எச்2ஏஎக்ஸைப் படிக்கும் முதன்மைப் புரதம் எம்டிசி1. அதன் ஒரு முனையிலுள்ள பள்ளம், பாஸ்பேட் ஏறிய செரினையும் அதையடுத்த வால்நுனியையும் சேர்த்தே கவ்வும் வடிவம் கொண்டது. பாஸ்பேட் ஏறாத வாலில் அதற்குப் பிடிமானம் இல்லை. கவ்விய எம்டிசி1 இன்னும் அதிக ஏடிஎம் நொதியை அங்கே தங்கவைக்க, அது அண்டை நியூக்ளியோசோம்களிலும் குறியேற்றுகிறது. படிப்பவரே எழுதுபவரை அழைத்துவரும் இந்தச் சுழற்சியால்தான் ஒரு நுண்ணிய முறிவு, உட்கருவின் பிற பகுதிகளிலிருந்து பிரித்தறியத்தக்க பரந்த வட்டாரமாக விரிகிறது.

எந்த வழியில் சீர்செய்வது

முறிவைக் கண்டறிவதோடு உயிரணுவின் வேலை முடிவதில்லை. அதைச் சீர்செய்ய இரண்டு வழிகள் இருப்பதால் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. அறுந்த முனைகளை நேரடியாக ஒட்டவைப்பது ஒரு வழி. அது விரைவானது, ஆனால் ஒட்டுமிடத்தில் சில எழுத்துகள் கூடவோ குறையவோ நேரலாம். அதே செய்தியைத் தாங்கிய மற்றொரு படியைப் பார்த்து எழுதி நிரப்புவது மற்றொரு வழி. அது பிழை மிகக் குறைந்தது, ஆனால் உயிரணு பிரிவதற்கு ஆயத்தமாகித் தன் மரபிழையைப் படியெடுத்து முடித்த பகுதிகளில்தான் அத்தகைய உடன்பிறந்த படி கைவசம் இருக்கும். ஆகவே முறிந்த இடத்துக்கு வந்து சேரும் புரதங்கள், இங்கே முறிவு உண்டா என்பதோடு இங்கே படியெடுப்பு முடிந்துவிட்டதா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை ஹிஸ்டோன்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்பது இத்துறையின் மிக அழகான கண்டுபிடிப்பாகும்.

எம்டிசி1 புரதம் ஆர்என்எஃப்8, ஆர்என்எஃப்168 என்னும் இரண்டு நொதிகளை அடுத்தடுத்து வரவழைக்க, பின்னது எச்2ஏ ஹிஸ்டோனின் 13, 15ஆம் இடங்களிலுள்ள லைசின் அமிலங்களில் யுபிக்விட்டினை ஏற்றுகிறது. முறிவு உண்டா என்ற கேள்விக்கு இதுவே விடை. மற்றொரு விடை எச்4 ஹிஸ்டோனின் 20ஆம் லைசினில் இருக்கிறது. பழைய ஹிஸ்டோன்களில் பெரும்பாலானவற்றில் அவ்விடத்தில் இரண்டு மெத்தில் தொகுதிகள் ஏறியிருக்கும். மரபிழை படியெடுக்கப்படும்போது புதிதாகச் சேர்க்கப்படும் ஹிஸ்டோன்களிலோ அவ்விடம் வெறுமையாக இருக்கும். சில மணி நேரத்துக்குப் பின்னர்தான் அவற்றில் மெத்தில் ஏறுகிறது. எனவே வெறுமையான 20ஆம் லைசின், இப்பகுதி இப்போதுதான் படியெடுக்கப்பட்டது, உடன்படி அருகிலேயே இருக்கிறது என்னும் செய்தியைத் தாங்கி நிற்கிறது.

53பிபி1 என்னும் புரதம், மெத்தில் ஏறிய 20ஆம் லைசினைத் தன் ஒரு பகுதியாலும், யுபிக்விட்டின் ஏறிய 15ஆம் லைசினைத் தன் மற்றொரு பகுதியாலும் ஒருசேரப் படிக்கிறது. முதற்பிடிப்பு 2006இலும், இரண்டாவது பிடிப்பு 2013இல் டொரோண்டோவில் டேனியல் டுரோஷேயின் குழுவினராலும் விளக்கப்பட்டன. மெத்தில் குறி உட்கரு எங்கும் பரவிக் கிடப்பது; அதை மட்டும் நம்பினால் 53பிபி1 எங்கும் சென்று அமர்ந்துவிடும். முறிவுள்ள இடத்தில் மட்டும் யுபிக்விட்டின் அதனோடு சேர்ந்து வருவதால், இரண்டும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் அது உறுதியாக நிலைகொள்கிறது. நிலைகொண்டபின் அது தன் துணைப்புரதங்களோடு சேர்ந்து அறுந்த முனைகள் மேலும் அரிக்கப்படாமல் காத்து, நேரடி ஒட்டுவழிக்கு இடமளிக்கிறது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது, மார்பக, சூலகப் புற்றுநோய்களால் பலரும் கேள்விப்பட்டிருக்கும் பிஆர்சிஏ1 புரதம். அதன் இணைபிரியாத் துணையான பார்டு1, மெத்தில் ஏறாத 20ஆம் லைசினைத் தேடிப் பற்றுகிறது என்பதை 2019இல் கோப்பன்ஹேகனில் ஆன்யா குரோத்தின் குழு காட்டியது. அதே பார்டு1 தன் மற்றொரு பகுதியால் யுபிக்விட்டின் ஏறிய 15ஆம் லைசினையும் படிக்கிறது என்பது 2021இல் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஆக இரு போட்டியாளர்களும் ஒரே யுபிக்விட்டின் குறியைப் படித்து முறிவை அடைகின்றனர். ஆயினும் மெத்தில் இருக்கும் இடத்தில் 53பிபி1 வெல்கிறது, இல்லாத இடத்தில் பிஆர்சிஏ1 இணை வென்று, முனைகளைச் சீவி, உடன்படியைப் பார்த்து எழுதும் வழியைத் திறக்கிறது. ஒரு குறி இருப்பது போலவே இல்லாதிருப்பதும் செய்தியாகக் கொள்ளப்படும் இந்த ஏற்பாட்டில், உயிரணு தன் நிகழ்நிலையை எவ்வளவு துல்லியமாக அறிந்து நடந்துகொள்கிறது என்பது வெளிப்படுகிறது.

வாசிப்பு தவறும்போது

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எவ்வளவு இன்றியமையாதது என்பதை, அது அறுந்துபோன மனிதரின் நோய்களே உணர்த்துகின்றன. ஏடிஎம் மரபணு இரு படிகளிலும் பழுதுபட்ட குழந்தைகளுக்கு நடை தள்ளாடுகிறது, நோயெதிர்ப்பு குன்றுகிறது, புற்றுநோய் வாய்ப்பு கூடுகிறது. சாதாரண அளவு கதிர்சிகிச்சையைக்கூட அவர்களின் உடல் தாங்குவதில்லை. ஆர்என்எஃப்168 பழுதுபட்டவர்களிடம் கதிர்வீச்சுக் கூருணர்வும் நோயெதிர்ப்புக் குறைவும் சேர்ந்த மிக அரிய நோய் ஒன்று 2007இல் விவரிக்கப்பட்டது. பிஆர்சிஏ1 பழுதால் பிழையற்ற வழியை இழந்துவிட்ட புற்றுநோய் உயிரணுக்களுக்கு, வேறொரு சீரமைப்பு நொதியையும் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அவை மட்டும் அழியும் என்பது 2005இல் கண்டறியப்பட்டு, 2014 முதல் ஒலபாரிப் போன்ற மருந்துகளாகச் சிகிச்சைக்கு வந்திருக்கிறது. அத்தகைய புற்றுநோய்களில் 53பிபி1 தொலைந்துபோனால் மருந்து பலிக்காமல் போவதற்கும் மேலே கூறிய போட்டியே காரணம்: தடுப்பவர் இல்லாதபோது பிழையற்ற வழி மீண்டும் திறந்துகொள்கிறது.

கேரளக் கரையோரத்தின் சான்று

மோனசைட் மண்ணில் வாழ்வோரின் உயிரணுக்களில் காமா-எச்2ஏஎக்ஸ் குறியைத் தேடும் ஆய்வு உலகில் நடந்ததுண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையும், வடக்கே கேரளத்தின் கொல்லம் கரையும் மோனசைட் செறிந்த மணலுக்குப் பெயர்பெற்றவை. கேரளத்தில் நீண்டகரை முதல் புறக்காடு வரை ஏறக்குறைய 55 கிலோமீட்டர் நீளும் குறுகிய பட்டையில், இயற்கைக் கதிர்வீச்சு ஆண்டுக்கு ஒரு மில்லிகிரேக்கும் குறைவான அளவிலிருந்து 45 மில்லிகிரே வரை இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. கருநாகப்பள்ளி வட்டாரத்தில் சுமார் 70,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2009இல் வெளியான ஆய்வு, கதிர்வீச்சு கூடிய இடங்களில் புற்றுநோய் கூடியிருப்பதாகக் காணவில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் குழுவினர் அக்கரையோர மக்களின் இரத்த வெள்ளணுக்களில் காமா-எச்2ஏஎக்ஸைக் கணக்கிட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வும், அங்கு வாழ்வோரிடம் ஈரிழை முறிவுகள் கூடுதலாக இல்லை என்றே தெரிவித்தது; மரபிழைச் சீரமைப்புக்கு உரிய மரபணுக்கள் அவர்களிடம் கூடுதலாக இயங்குவதை அதே குழு பின்னர் எடுத்துக்காட்டியது.

இம்முடிவுகளை எடுத்துப் பேராக்குக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். கடற்கரை மணலிலிருந்து தலைமுறைதோறும் சீராக வரும் கதிர்வீச்சு வேறு. ஆலையில் வேதிப்பொருள்களால் பிரிக்கப்பட்டு, செறிவூட்டப்பட்டு, தூசியாகவோ சேறாகவோ வெளிவரும் தோரியக் கழிவு வேறு. மூச்சிலும் உணவிலும் உட்செல்லும் ஆல்ஃபா துகள் உண்டாக்கும் கொத்துப்பழுது, வெளியிலிருந்து வரும் காமா கதிரின் பழுதைப் போன்றதன்று. கேரளத்திலிருந்து பேராக் எடுத்துக்கொள்ள வேண்டியது முடிவையன்று, முறையை: கதிர்வீச்சை வீடுவீடாக அளந்து, அதே மக்களின் உயிரணுவை ஆண்டாண்டாக ஆய்ந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஒரு கருத்துக்கு வருவது என்னும் பொறுமையான முறையை.

காலத்தோடு செய்ய வேண்டியது

முறிவு சீரானதும் பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகள் காமா-எச்2ஏஎக்ஸ் குறியை அழித்துவிடுகின்றன. ஒரு நாளைக்குள் அதன் பெரும்பகுதி மறைந்துவிடும். உயிரணுவுக்கு இது நலமே, ஏனெனில் அழியாத குறி அதைப் பிரியவிடாமல் முடக்கிவைக்கும். ஆனால் சான்று தேடுவோருக்கு இது ஒரு கண்டிப்பான வரம்பாகும்: 1980களில் புக்கிட் மேராவில் வாழ்ந்தவரின் இரத்தத்தை இன்று எடுத்து, அன்று பட்ட கதிரின் குறியைக் காண இயலாது. பழைய பாதிப்பைத் தேடுவோர், தவறாக ஒட்டப்பட்ட முறிவுகளால் ஒரு குரோமோசோமின் துண்டு மற்றொன்றோடு இணைந்துவிட்ட இடமாற்றங்களை எண்ணும் முறையைப் பயன்படுத்துகின்றனர். ஜப்பானில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களிடம் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அவற்றைக் காண முடிந்திருக்கிறது.

மலேசியாவில் அணுசக்தி உரிமச் சட்டம் 1984இல் இயற்றப்பட்டது. அமாங் பதனிடும் ஆலைகளும் அதன் கண்காணிப்பில் அடங்குகின்றன. காற்றையும் மண்ணையும் கருவியால் அளப்பதோடு, அமாங் ஆலைகளில் வேலை செய்வோரும் பழைய கழிவிடங்களுக்கு அருகில் குடியிருப்போரும் விரும்பினால், அவர்களது இரத்த வெள்ளணுக்களில் முறிவுக் குறிகளையும் குரோமோசோம் இடமாற்றங்களையும் பணியில் சேரும்போதும் பின்னர் குறித்த இடைவெளிகளிலும் பரிசோதித்துப் பதிவுசெய்யும் திட்டமொன்று அமைவது அறிவியலுக்கும் நீதிக்கும் ஒருங்கே துணைநிற்கும். பாதிப்பு இல்லையென்றால் அப்பதிவு மக்களின் அச்சத்தைத் தணிக்கும். உண்டென்றால் நோய் முற்றுவதற்கு முன்னரே காட்டிக்கொடுக்கும். எந்த முடிவு வந்தாலும், வழக்கு மன்றத்தில் ஒரு தாய் தன் குழந்தையின் நோய்க்குக் காரணத்தைத் தானே நிறுவ வேண்டிய சுமை குறையும். அருமண் தனிமங்களுக்கு உலகெங்கும் தேவை பெருகிவரும் இக்காலத்தில், மோனசைட்டைப் பயன்படுத்த நினைக்கும் எந்த ஆலையும் முதல் மூட்டை மணலைத் திறப்பதற்கு முன்பே இப்பதிவைத் தொடங்கியிருக்க வேண்டும். கதிர் படுவதற்கு முந்தைய நிலையை அளந்து வைக்காதவர்களால், அதற்குப் பின் என்ன மாறியது என்பதைச் சொல்ல முடியாது.